கோடு எழுதத் தெரிந்தால் போதுமாம்!

“கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது. கோடு எழுதத் தெரிந்தால் போதும், ஐடியில் யார் வேண்டுமானாலும் மேலே வரலாம்.” கல்லூரி ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினர் முதல் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் சித்தப்பா வரை எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மையும் உண்டு. கம்பைலருக்கு யாருடைய ஊரும் தெரியாதுதான். ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பது கம்பைலர் அல்லவே!

பல நிறுவனங்களின் கேம்பஸ் அறிவிப்பு எப்படித் தொடங்குகிறது? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் கூடாது. கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த பள்ளியில் 15 வயதில் எடுத்த மதிப்பெண், 21 வயதில் ஜாவா எழுதுகிறவளை வாசலிலேயே நிறுத்துகிறது. அவள் எழுதிய கோடை அங்கே யாரும் பார்ப்பதே இல்லை.

வாசலைத் தாண்டினால் இன்டர்வியூ. “டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்.” வங்கி மேலாளர் வீட்டுப் பையன் விருந்தாளிகள் முன்னால் ஏழாம் வகுப்பிலேயே இதை ஒப்பித்துப் பழகியவன். கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண்ணிடம் அவளைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்ட முதல் ஆள், எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த அதிகாரிதான். அவள் தடுமாறும் அந்த அரை நிமிடத்துக்கு அவர் போடும் பெயர், ‘கம்யூனிகேஷன் இல்லை’. அடுத்த கேள்வி, “அப்பா என்ன பண்றார்?” தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்று பெருமைப்படுகிறோம், நியாயமான பெருமைதான். பெயர் சொல்லாததை இந்தக் கேள்வி வாங்கிவிடுகிறது.

ஆய்வாளர்கள் சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்துப் பெரிய நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்களையே உட்காரவைத்துப் பேசினார்கள். அவர்கள் திறமை, திறமை என்றார்கள். அதே மூச்சில் ‘குடும்பப் பின்னணி’ முக்கியம் என்றும் சொன்னார்கள். அப்படிச் சொல்வதில் அவர்களுக்கு எந்த முரணும் தெரியவில்லை. இந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற ஆய்வாளர்களின் இன்னோர் ஆய்வும் வெளிவந்தது. அவர்கள் நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி, வெவ்வேறு பெயர் என்று விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. எல்லாம் ஒரே படிப்பு, ஒரே தகுதி. இதில் திறமை எங்கே தோற்றது?

“இத்தனை பேர் கிராமத்திலிருந்து வந்து ஜெயித்திருக்கிறார்களே” என்பார்கள். வந்திருக்கிறார்கள். மேடையில் ஏற்றி மாலை போடுவது அவர்களுக்குத்தான். இரண்டாம் ஆண்டிலேயே ‘நமக்கு இது வராது’ என்று ஒதுங்கியவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

அந்த ஒதுங்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் முதல் செமஸ்டர் சி புரோகிராமிங் லேபுக்குப் போக வேண்டும். “இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க” என்று ஆசிரியர் இரண்டு பக்கத்தைத் தாண்டிவிடுகிறார். முன்வரிசையில் நாலு பேர் தலையாட்டுகிறார்கள். சேவ் செய்த ஃபைல் எங்கே போனது என்று தெரியாமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருப்பவன் கை தூக்குவதில்லை. தூக்கினால் நாற்பது பேருக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு அறிவு குறைவில்லை. இந்த அறையில் தனக்கு இடம் உண்டு என்று இதுவரை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

இது மாற்ற முடியாததா? கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் இப்படி ஒதுங்கியவர்கள் பெண்கள்; 2006 வாக்கில் கணினித் துறை மாணவர்களில் அவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். அங்கே தரத்தைக் குறைக்கவில்லை. முதல் பாடத்தை மாற்றினார்கள். ஏற்கெனவே கோடு எழுதத் தெரிந்தவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். ஜாவாவை விட்டுப் பைத்தானுக்கு வந்தார்கள். பெண் கணினியாளர்கள் கூடும் கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்கு முதலாண்டு மாணவிகளை அழைத்துப் போனார்கள். சில ஆண்டுகளில் பத்தில் நால்வர் பெண்கள்.

நம் ஊரில் வாசலைத் திறந்தது அரசு. 2007-இல் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை ஒழித்தபோது தரம் போய்விடும் என்று கூச்சலிட்டவர்கள் பலர். 2021 முதல் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2022-இல் வந்த அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் பயிற்சி தருகிறது. நல்லதுதான். ஆனால் பயிற்சி மாணவரைத்தான் மாற்றும். 60 சதவீதக் கட்-ஆஃப் வைத்தவரையும் ‘அப்பா என்ன பண்றார்’ என்று கேட்டவரையும் யார் மாற்றுவது? டை கட்டக் கற்றுக்கொடுப்பதையே சாஃப்ட் ஸ்கில் என்று நடத்தும் கல்லூரிகள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்படி வருபவர்களுக்கு வழிகாட்டுவதைச் சலுகை என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் முதல் ரெசியூமேயைத் திருத்தியது யார்? எந்த நிறுவனத்தில் எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று போனில் சொன்னது யார்? மாமா மகனாக இருக்கும், பக்கத்து ஃபிளாட் அண்ணனாக இருக்கும். ஐடியில் ரெஃபரல் என்பது முறையான வழி. பல நிறுவனங்கள் அதற்குப் பணமே கொடுக்கின்றன. சொந்தக்காரருக்குச் செய்தால் அது நெட்வொர்க், முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் செய்தால் சலுகையா?

நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் கேட்பதை நிறுத்தட்டும். அப்பாவின் தொழிலைக் கேட்கும் வழக்கத்தைக் கைவிடட்டும். கல்லூரிகள் லேபை ஐந்து மணிக்குப் பூட்டாமல், சந்தேகம் கேட்க ஒரு சீனியரையும் உள்ளே உட்காரவைத்து, இரவு வரை திறந்துவைக்கட்டும். ஐடியில் இருக்கும் வாசகர்களே, உங்கள் நிறுவனத்தில் அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, உங்களுக்குச் சொந்தமும் இல்லாத, நீங்கள் படித்த கல்லூரியைச் சேராத ஒரு மாணவியின் கோடை வாங்கிப் படியுங்கள்; பிடித்திருந்தால் அவள் பெயரைப் பரிந்துரையுங்கள்.