ஏழு நாளில் எழுந்த மண்சுவர்

திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டில் ஏழாயிரம்பண்ணை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கட்டபொம்மன் என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, 1959ல் வந்த சிவாஜி படத்தின் வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தார். “உங்க ஊரும் அந்தச் சண்டையில இருந்துச்சே?” என்றேன். “எங்க ஊரா? அது பட்டாசு ஊருல்லா சார்” என்றார்.

1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மன், பாஞ்சாலங்குறிச்சியோடு இன்னும் ஐந்து பாளையங்களைப் பறித்தான். அவற்றில் ஒன்று ஏழாயிரம்பண்ணை. நாம் தூக்குமரத்தோடு கதையை முடித்துவிடுகிறோம்.

தொடக்கத்தையும் படத்தில் பார்த்தபடியே வைத்திருக்கிறோம்: வெள்ளைக்காரன் வரி கேட்டான், கட்டபொம்மன் மறுத்தார். உண்மையில் ஆற்காட்டு நவாப் கம்பெனியிடம் கழுத்துவரை கடன் வாங்கியிருந்தார். 1792 உடன்படிக்கையில் திருநெல்வேலிப் பாளையங்களின் கிஸ்தியை வசூலிக்கும் உரிமை கம்பெனி கைக்குப் போனது. கடன் பட்டவர் ஆற்காட்டில்; கட்ட வேண்டியவன் மழையை நம்பிக் கரிசலில் பருத்தி போட்டவன். அதற்கு முன்பே, 1755லிருந்து, நெற்கட்டும்செவல் புலித்தேவர் நவாப் படையையும் கம்பெனிப் படையையும் சேர்த்தே எதிர்த்து நின்றிருக்கிறார்.

கிஸ்தியைவிட ஆழமாக உறுத்தியது காவல் என்று எனக்குப் படுகிறது. பாளையக்காரரின் ஆட்கள் ஊரைக் காப்பார்கள். களத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. களவு போனால் துப்புத் துலக்கித் தரவேண்டும், இல்லையென்றால் ஈடு கட்டவேண்டும். இதில் அடாவடியும் இருந்தது, குடியானவர்கள் எல்லோரும் மனமுவந்து அளந்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்கு யார் பொறுப்பு என்கிற கேள்வி அந்த மரக்கால் தானியத்தில்தான் இருந்தது. பானர்மன் ஆயுதங்களைப் பிடுங்கினான், கோட்டைகளை இடிக்கச் சொன்னான். பின்னாலேயே தேசகாவல் வரும்படியையும் கம்பெனி தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

1801 ஜூலையில் நவாபின் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமானது. அக்டோபரில் சிவகங்கை மருது சகோதரர்களும் நவம்பரில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தூக்கில் தொங்கினார்கள். மறுவருஷம் 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அடங்கிய பாளையக்காரர்கள் 1803ல் ஜமீன்தார்கள் ஆனார்கள். பல்லக்கு மிச்சம், வேல்கம்பு போச்சு.

எனக்கு இந்த வரலாற்றில் மறக்க முடியாதது 1801 பிப்ரவரி. 2ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்புகிறார். 9ஆம் தேதி கம்பெனி அதிகாரி மெக்காலே படையோடு வந்து பார்த்தால், தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி நிற்கிறது. வெறும் மண்சுவர். ராத்திரி பகலாக எத்தனை பேர் மண் குழைத்திருப்பார்கள்! மார்ச் 31ல் அந்தச் சுவரில் மோதிய கம்பெனிப் படை பெருத்த அடி வாங்கித் திரும்பியது. மே 24 வரை சுவர் தாங்கியது.

கோட்டை விழுந்த அன்று நடந்த ஒன்றை, எதிர்ப்பக்கத்தில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி எழுதிவைத்திருக்கிறான். பிணங்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடுகிறாள். உயிர் பிரியும் நிலையில் கிடந்த மகன், “என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று” என்ற அர்த்தத்தில் சொல்கிறான். மகனைத் தேடி வந்தவள் தன் வீட்டுக்குத் தூக்கிப்போனது ஊமைத்துரையை. கம்பெனிப் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு ஊருக்குள் நுழைகிறார்கள். வெள்ளைக்காரன் அல்ல, பக்கத்துப் பாளையத்து ஆட்கள். அந்த வீட்டுப் பெண்கள் அவர் மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள். என்னவென்று கேட்டதற்கு, பையன் அம்மை கண்டு செத்துப்போனான் என்கிறார்கள்.

வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. ஓடிவிட்டார்கள்.