ஆயிரம் மன்னிப்பு

கம்பளையிற் பிறந்து, இலண்டனிற் புகழ்பெற்று, தம் சொந்தப் பெயரால் அன்றித் தாம் பூண்ட வேடத்தின் பெயராலேயே அறியப்பட்டு மறைந்தவர் ஒருவர் உண்டு. அல்பேட் மோசஸ் என்று சொன்னால் நம்மிற் பலர், யார் அவர் என வினவுவர். தலைப்பாகையும் தாடியுமாய் நின்று, ஆங்கில ஆசிரியரிடம் சொல்லுக்குச் சொல் "ஆயிரம் மன்னிப்பு" வேண்டிய சீக்கியர் றஞ்சித் சிங் என்று சொன்னால், "ஓ, அவரா!" என்று நகைப்பர். 2017ஆம் ஆண்டு செப்தெம்பர் 15ஆம் நாள், தமது 79ஆவது வயதில், அவர் காலமானார். அன்றும் செய்தித்தாள்கள் றஞ்சித் சிங்கைக் கொண்டே அவரை அறிமுகஞ் செய்ய வேண்டியிருந்தது.

புத்தளத்துக் கரையில் உப்பும் தென்னையும் வெங்காயமும் இறாலும் படும் பாடு இத்தனை இருக்க, அரசியல் வார ஏட்டில் ஒரு கூத்தாடியின் கதை எதற்கு என்று கேட்பார் கேட்கலாம். ஒரு மனிதனை அவன் நாவைக் கொண்டே சிறியவனாக்கும் வித்தையை இவர் வாழ்க்கையைப் போல் வெளிச்சமாகக் காட்டும் சான்று வேறொன்றை நான் அறியேன். அந்த வித்தை இலண்டனோடு நின்றதுமில்லை.

மோசஸ் 1937ஆம் ஆண்டு திசெம்பர் 19ஆம் நாள் பிறந்தவர். 1960களில் இந்தியா சென்று அங்கே திரைப்படங்களில் நடித்தார். பின் ஆபிரிக்கா; அதன் பின் 1970களில் இங்கிலாந்து. மலைநாட்டு இளைஞரொருவர் மூன்று கண்டங்களைத் தாண்டி, எவர் பரிந்துரையுமின்றி, ஆங்கிலேயரின் நாடகத் தொழிலுட் புகுந்தார் என்பதே ஒரு சாதனை. 1975இல் ஜோன் ஹூஸ்டன் இயக்கிய 'தி மேன் ஹூ வுட் பி கிங்' படத்தில் ஷோன் கொனரியோடும் மைக்கேல் கெயினோடும் தோன்றினார். ஜேம்ஸ் பொண்ட் படங்கள் இரண்டில் அவர் உண்டு. அவற்றுள் 1983இல் வந்த 'ஒக்டோபுசி'யில், உதயப்பூரில் பொண்டுக்குத் துணை நிற்கும் சதுருத்தீன் ஆனார். உடன் நின்றவர் சென்னைப் பட்டினத்து ரெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். வேறு படங்களில் ஆசுபத்திரிப் பணியாள், கட்டடக் காவலாள். அக்காலத்தில் ஆசிய நடிகர் ஒருவருக்கு அங்கே கிடைத்த வேடங்களின் பட்டியலே இப்படித்தான் இருந்தது.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது 1977ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சி தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் நகைச்சுவைத் தொடர். எழுதியவர் வின்ஸ் பவல். இரவுப் பள்ளியொன்றிற் பல நாட்டார் கூடி ஆங்கிலம் படிக்கின்றனர். பரி எவன்ஸ் நடித்த ஜெரமி பிரவுன் என்னும் நல்ல மனத்து ஆசிரியர் கற்பிக்கின்றார். மாணவர் பிழைபடப் பேசுவர், பார்ப்போர் சிரிப்பர். கதை இவ்வளவே.

அந்த வகுப்பறையிலே யார் யாராக அமர்ந்திருந்தனர் என்று கணக்கெடுத்துப் பார்த்தால், தொடரின் நகைச்சுவையைவிட அதுவே பெரிய நகைச்சுவையாக இருக்கும். இலங்கையர் மோசஸ் பஞ்சாபிச் சீக்கியர். அவரோடு ஓயாது சண்டையிடும் பாகிஸ்தானியர் அலி நதீமாக நடித்த டீனோ ஷபீக் டாக்காவிற் பிறந்தவர். 1971இல் எத்துணை இரத்தஞ் சிந்தி வங்காளதேசம் பாகிஸ்தானிலிருந்து பிரிந்தது! ஆறே ஆண்டுகளில் டாக்காக்காரரைப் பாகிஸ்தானியராக்கி நிறுத்துவதில் இலண்டனுக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. கிரேக்கராக வந்த கெவோக் மலிக்கியான் துருக்கியின் தியார்பக்கிரிற் பிறந்த ஆர்மேனியர். பிரெஞ்சுப் பெண்ணாக வந்த பிரான்சுவாஸ் பஸ்கால் மொரிசியசுக்காரி. மாவோவின் சிவப்புப் புத்தகத்தைத் தூக்கித் திரிந்த சீனப் பெண் பினாங்கிற் பிறந்த மலேசியர். சீன வமிசத்தவரான றொபேட் லீயோ யப்பானியர்! இலண்டனின் கணக்கில் அயலான் எவனும் எந்த அயலானுக்கும் ஈடாவான். ஆளுக்கொரு நாடில்லை, பிழைபடப் பேச ஒரு வாய் இருந்தாற் போதும்.

அவ்வகுப்பில் மாறாதது ஒன்று உண்டு. அது ஆசிரியரின் நாற்காலி. சீக்கியரும் கிரேக்கரும் தத்தம் மொழியில் எத்துணைச் சொல்வன்மை உடையவராயினும் அது அங்கே செல்லாக் காசு. நாற்காலிக்கு உரிய மொழி ஒன்றே சரி. ஏனைய யாவும் பிழை. 1993இல் இந்தியத் தூரதர்ஷன் இதே கதையைப் 'சபான் சம்ஹால்கே' என்று இந்தியிற் காட்டியது. ஆசிரியராக நடித்தவர் பங்கஜ் கபூர். இப்போது நாற்காலி இந்திக்கு உரியதாயிற்று; பெஞ்சியில் அமர்ந்து பிழை விடுவோரில் தென்னாட்டார் ஒருவரும் சேர்ந்தார். வெள்ளைக்காரன் எழுந்து போனால் நாற்காலி வெறுமையாகிவிடும் என்று நம்பியவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலண்டன் தொடர் 1979இல் நிறுத்தப்பட்டது. பார்ப்போர் குறைந்ததனால் அன்று. அந்நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பணிப்பாளராயிருந்த மைக்கேல் கிறேட், இனங்களை அச்சிலே வார்த்துக் காட்டும் இந்தச் சிரிப்புத் தகாது என்று கண்டு நிறுத்தினார். 1986இல் வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பாக மீண்டும் வந்தபோது மோசசும் தலைப்பாகையோடு மீண்டும் வந்தார். இதிற் சுவையான செய்தி யாதெனில், ஆங்கிலேயர் ஒருவர் வெட்கி நிறுத்தியதைப் பழைய குடியேற்ற நாடுகளின் மக்களாகிய நாமே தேடித் தேடிப் பார்த்தோம். இன்றும் பார்க்கின்றோம். வகுப்பறையில் அமர்ந்திருப்பவர் நாமல்லர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் எண்ணியதே காரணமாகலாம்.

அப்படியாயின் மோசஸ் குற்றவாளியா? இளைய தலைமுறையிற் சிலர் அப்படித்தான் தீர்ப்பளிக்கின்றனர். எதிர்த்தரப்பின் சார்பில் நான் தோன்ற அனுமதி வேண்டும்.

அவர் தொழிலுக்கு வந்த நாளில் ஆசியரின் வேடத்தை ஆசியருக்குக் கொடுப்பதே வழமையாயிருக்கவில்லை. 1960இல் 'தி மில்லியனயரெஸ்' படத்து இந்திய வைத்தியர் யார்? முகத்திற் கறுப்புப் பூசிய பீற்றர் செல்லர்ஸ். 1968இல் 'தி பார்ட்டி' படத்து இந்திய நடிகரும் அவரே. 1974இல் பிபிசி தொடங்கிய 'இட் ஏன்ட் ஹாவ் ஹொட் மம்' தொடரில் றங்கி ராம் என்னும் இந்தியர், மைக்கேல் பேற்ஸ் என்னும் ஆங்கிலேயர். அதே தொடரில் உண்மையான ஆசியரான டீனோ ஷபீக்குக்குக் கிடைத்தது தேநீர்க்காரன் வேலை. 1984இலுங்கூட, 'எ பாசேஜ் ரு இந்தியா'வின் பேராசிரியர் கொட்போலேயாக வந்தவர் அலெக் கின்னஸ். ஆக, மோசசின் முன் இருந்தவை இரண்டே: அச்சில் வார்த்த வேடம், அல்லது வேடமின்மை. அவர் மறுத்திருந்தால் றஞ்சித் சிங் இல்லாமற் போயிருக்கமாட்டார். வேறொரு வெள்ளைக்காரர் மைபூசிக்கொண்டு வந்திருப்பார். கூலிக்குப் போனவனைக் குற்றக் கூண்டில் ஏற்றி, தோட்டத் துரையைச் சாட்சியாகவும் அழையாமல் விடுவது நீதியன்று.

அன்றியும் அவர் வேடத்தோடு நின்றவருமல்லர். பிரித்தானிய நடிகர் சங்கமான ஈக்குவிற்றியில் ஆசிய, கரிபிய நடிகர்களுக்கான குழுவின் தலைவராகவும் இருந்தார். திரையில் மன்னிப்புக் கேட்டவர், சங்கத்தில் மன்னிப்புக் கேட்கும் வரிசையில் நிற்கவில்லை. றஞ்சித் சிங்கைத் தெரிந்தவர்களுள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நமது நாட்டிலும் பேச்சுமொழியை வைத்துச் சிரித்தோம். அதையுஞ் சொல்ல வேண்டும். இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' ஒலித்த நாட்களை முதியோர் மறந்திரார். அது 1976இற் 'கோமாளிகள்' என்று திரைப்படமுமாயிற்று. எழுதிய எஸ். ராம்தாஸ் முஸ்லிம் மரைக்காராகப் பேசினார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. செல்வசேகரன் சிங்களவர் உபாலி. பி. எச். அப்துல் ஹமீதோ ஐயர்! இந்து முஸ்லிமாகவும், முஸ்லிம் ஐயராகவும், தமிழன் சிங்களவனாகவும் மாறி மாறிச் சிரித்த அந்தக் கூட்டத்தில் ஆசிரியர் நாற்காலி இருக்கவில்லை. சரியான மொழி இன்னதென்று சொல்ல எவரும் பிரம்போடு நிற்கவில்லை. வேடங்களின் பெயர்கள் அவர்களையும் பற்றிக்கொண்டன. ஆனால் மரைக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று சொந்தப் பெயரும் கூடவே நின்றது. மோசசுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. (நாமெல்லாம் உத்தமரென்று இதற்குப் பொருளில்லை. மலையகத்தார் பேச்சை வேலைக்காரப் பாத்திரத்துக்கென்றே ஒதுக்கிய நாடகங்களுக்கும் கைதட்டியவர்கள் நாமே.)

இனி நமது கரை. கற்பிட்டியில் 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1859இற் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக்கினார். சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தார். பிறர் மொழியைத் தலைநிமிர்ந்து ஆண்டவர் இந்தக் கரையில் இருந்தனர். பின்னர் நிகழ்ந்தது வேறு கதை. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை கத்தோலிக்கக் கரையூர்ப் பள்ளிகள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிற் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. பாட்டி பேசிய தமிழ் பேரனுக்கு எட்டவில்லை. உடப்பு தன் தமிழை விடவில்லை. கரைவலை இழுக்கும்போது அங்கே அம்பாப் பாடல் இன்னும் தமிழிலேயே எழுகின்றது. ஆனால் கச்சேரிக்கும் கோட்டுக்கும் போனால்?

சில ஆண்டுகளுக்கு முன், இக்கரையோரத்து நீதிமன்றமொன்றில், கரைவலைத் தொழிலாளி ஒருவர் வழக்காளியாகச் சாட்சிக் கூண்டில் நின்றதைக் கண்டேன். அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. தவணை போட்டால் இன்னொரு நாட் தொழில் போகும் என்று, தமக்குத் தெரிந்த சிங்களத்திலேயே பேசத் தொடங்கினார். குறித்த அந்த ஒருநாள் அப்பக்கம் போனேன் என்று சொல்ல வந்தவர், காலம் பிசகி, போகிறேன் என்று சொல்லிவிட்டார். பின்வாங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மறுபடியும் பிசகிற்று, மறுபடியும் கேட்டார். சிரிப்பும் பதிவேட்டில் இல்லை, மன்னிப்பும் இல்லை. வழமையாக அப்பக்கம் போவதாக அவரே ஒப்புக்கொண்டார் என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. எதிர்த்தரப்பு அதை விடவில்லை. எனக்கு அப்போது நினைவில் வந்தவர் றஞ்சித் சிங். ஆயின் இலண்டன் வகுப்பறையில் பிழை விட்டால் அரைமணி நேரத்தில் தொடர் முடிந்துவிடும்; இங்கே பிழை விட்டால் வலை போகும்.

1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தின் வழி வந்த அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வழக்காளியோ எதிராளியோ தமிழில் வழக்கைத் தொடுக்கவும், தமிழில் ஆவணங்களைக் கொடுக்கவும், தமிழிற் பங்குபற்றவும் இடந்தருகின்றது. நீதிமன்ற மொழி சிங்களமாயின், உரைபெயர்ப்பை அரசே செய்து கொடுக்கக் கடமைப்பட்டது. இது நீதிபதி காட்டும் தயவு அன்று, கட்சிக்காரரின் உரித்து. மொழிபெயர்ப்பாளர் வரவில்லையாயின், அவர் வரும்வரை சாட்சியத்தைத் தொடங்க இயலாதென எழுந்து சொல்வது உங்கள் சட்டத்தரணியின் வேலை. அவர் சொல்லத் தயங்கினால் நீங்கள் அவர் அங்கியைத் தொட்டு நினைவூட்டுங்கள். அதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.