குருதி உறைதலும் ஒரு முதுகு வலியும்

1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் குருதி உறையாமல் மடிந்தன. அதற்கான காரணத்தைத் தேடிய விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்ல் போல் லிங்கின் முயற்சியிலிருந்தே வார்பரின் பிறந்தது. 1948இல் எலி நஞ்சாகச் சந்தைக்கு வந்த அது, 1954இல் மனிதருக்கான மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. 1955இல் மாரடைப்புக்குள்ளான அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவரும் அதனை உட்கொண்டார். மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது அளவுதான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இம்மருந்தும் இதன் இனத்தைச் சேர்ந்த புதிய மாத்திரைகளும் பாரிசவாதத்திலிருந்து காத்தோர் எண்ணற்றோர். ஆனால், குருதி உறைவதைத் தடுக்கும் எதுவும் குருதிப்பெருக்குக்கும் வழிவிடும். மூக்கிலோ முரசிலோ கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். முள்ளந்தண்டினுள் கசிந்தால் தெரியாது. எலும்புக் கால்வாய்க்குள் தேங்கும் குருதி வெளியேற வழியின்றி முண்ணாணை நெரிக்கிறது. இது அரிதாகவே நேர்வது. நேர்ந்தாலோ, திடீரென்று கடுமையான முதுகு வலி. பின்னர் கால்களில் விறைப்பு, பலவீனம். சிறுநீர் கழிக்க இயலாமை. அடிபடாமலும் இது வரலாம். உடனடியாக எம்.ஆர்.ஐ. பரிசோதனையும், தேவையெனில் சத்திரசிகிச்சையும் வேண்டும். மணித்தியாலங்கள் கடக்கக் கடக்க, மீண்டும் நடக்கும் வாய்ப்பு அருகிச் செல்லும்.

முள்ளந்தண்டில் விறைப்பூசி ஏற்றும்போது இந்த ஆபத்து கூடுகிறது. இது குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 1997இலும் 2013இலும் வைத்தியர்களை எச்சரித்தது. வைத்தியர்கள் அறிந்த இவ்விடயம் நோயாளியின் காதுக்கு எட்டுகிறதா என்பதே என் கேள்வி.

நம் வீடுகளில் முதியவர் முதுகு வலியென்றால் எண்ணெய் பூசுகிறோம். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். அம்மாத்திரைகளுட் பல குருதிப்பெருக்கை மேலும் கூட்டுபவை. அறியாமையைக் குறை கூறுவதில் பயனில்லை. எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மருந்தைக் கொடுக்கும் கை, அதன் ஆபத்து அறிகுறிகளையும் நோயாளியின் தாய்மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது சலுகையன்று, சிகிச்சையின் ஒரு பகுதி.

இதை வாசித்து அஞ்சி எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், அதுவும் ஆபத்தே. எந்த வைத்தியரிடம் சென்றாலும், எந்த ஊசிக்கு முன்னரும், "நான் குருதி உறையாமலிருக்க மருந்தெடுக்கிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.