மெத்தனால் டேங்க், ஹைட்ரஜன் கார்!

2002-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு சின்ன கார் கிளம்பியது. நாட்டின் குறுக்கே 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஜூன் மாதம் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. அதன் பெயர் நெகார் 5. ஓடியது ஹைட்ரஜனில், டேங்கில் இருந்ததோ மெத்தனால்!

ஏன் இந்தச் சுற்றுவழி? ஹைட்ரஜனைச் சுமப்பது லேசான காரியமில்லை. வாயுவாக வைத்தால், காரில் 700 மடங்கு காற்றழுத்தத்தில் அடைக்க வேண்டும். திரவமாக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். மெத்தனால் சாதாரணமாகவே திரவம். எடையில் எட்டில் ஒரு பங்கு ஹைட்ரஜன். (2024-ல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அதே மெத்தனால்தான். டேங்கைத் தவிர வேறெங்கும் அதற்கு இடம் தரக் கூடாது.)

மெத்தனாலையும் நீராவியையும் சேர்த்து ஹைட்ரஜனைப் பிரிக்க ஒரு வினையூக்கி வேண்டும். வினையூக்கி என்பது கல்யாணத் தரகர் மாதிரி. இரு தரப்பையும் பேசி முடித்துவிட்டு, தான் எந்த மாற்றமும் இல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இதில் பழைய கை, செம்பும் துத்தநாக ஆக்சைடும் கலந்த வினையூக்கி. விலை மலிவு. 200 முதல் 300 டிகிரி சூட்டில் வேலை செய்யும். அதற்கு மேல் சூடேறினால், உப்புமாவில் ரவை கட்டி தட்டுவதுபோல செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேலை செய்யும் பரப்பு குறைந்துபோகும்.

அதைவிடப் பெரிய தலைவலி, கூடவே பிறக்கும் கார்பன் மோனாக்சைடு. கார்களில் மின்சாரம் தயாரிக்கும் எரிபொருள் கலத்தில் பிளாட்டினம் இருக்கிறது. இந்த வாயு அதன்மீது போய் ஒட்டிக்கொண்டால், ஹைட்ரஜனுக்கு உட்கார இடம் இருக்காது. 10 லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 10-தான் தாங்கும். ஆக, ஹைட்ரஜனைக் கொடுத்தால் மட்டும் போதாது, கார்பன் மோனாக்சைடைக் கொடுக்காமலும் இருக்க வேண்டும். நல்ல வினையூக்கிக்கு இதுதான் நிஜமான பரீட்சை.

சூடு குறைந்தால் இந்த விஷவாயுவும் குறையும். 2013-ல் ஜெர்மனியின் மத்தியாஸ் பெல்லர் குழு, ருத்தேனியம் சேர்மம் ஒன்றை வைத்து 100 டிகிரிக்கும் கீழேயே ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியது. ஆனால், கலவையில் கடுமையான காரம் சேர்க்க வேண்டியிருந்தது. 2017-ல் சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழகத்து டிங் மா குழு, மாலிப்டினம் கார்பைடின் மேல் பிளாட்டினத்தைத் தனித்தனி அணுக்களாகத் தூவியது. கார்பைடு தண்ணீரை உடைக்கிறது, பிளாட்டினம் மெத்தனாலைப் பார்த்துக்கொள்கிறது. காரமே இல்லாமல், 190 டிகிரியில் ஒரு பிளாட்டினம் அணுவுக்கு மணிக்கு 18,000 ஹைட்ரஜன் மூலக்கூறுகள்!

ஆனாலும், இது சுத்தமான ஹைட்ரஜனா என்பதை வினையூக்கி மட்டும் முடிவு செய்வதில்லை. வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். உலகின் மெத்தனாலில் பெரும்பகுதி இன்றும் இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும்தான் தயாராகிறது. ஐஸ்லாந்தில் ஓர் ஆலை, புவிவெப்ப மின்நிலையம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, அதிலிருந்தே மெத்தனால் செய்துகாட்டியது. அப்படிப்பட்ட மெத்தனால் டேங்கில் இருந்தால், வெளியே போவது ஏற்கெனவே காற்றுக்குப் போகவிருந்த கரிதான்.