மன்னிப்பை யாரிடம் கேட்கிறோம்?



மாரி செல்வராஜ் டைரக்ட் செய்து, பா.ரஞ்சித் தயாரித்த 'பரியேறும் பெருமாள்' படம் 2018-ம் வருடம் வெளிவந்தது. இன்றைக்கும் டி.வி.யில் போட்டால் எங்கள் தெருப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். கண்ணீர் விடுகிறார்கள். அழுது முடித்ததும் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றுதான். "இவ்வளவு பட்டும் அந்தப் பையன் பொறுத்துப் போயிட்டான் பாருங்க. எல்லாரும் இப்படி மறந்து மன்னிச்சுட்டா ஊருல சண்டையே இருக்காது!"

இந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் பத்தாவது வரை படித்த சாதாரண குடும்பத் தலைவி. சினிமாவைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தப் படம் சொல்வது இதுவல்ல என்பது என் கருத்து.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பரியன் திருநெல்வேலிப் பக்கத்து கிராமத்துப் பையன், தாழ்த்தப்பட்ட வகுப்பு. படம் ஆரம்பிக்கும்போதே அவன் ஆசையாய் வளர்த்த கருப்பி என்ற நாயை மேல்சாதிக்காரர்கள் தண்டவாளத்தில் கட்டி வைத்து ரயிலில் சாகடிக்கிறார்கள். ஊரே கூடி அந்த நாய்க்கு ஒப்பாரி வைக்கிறது. அப்புறம் அவன் சட்டக் கல்லூரியில் சேர்கிறான். இங்கிலீஷ் வராமல் தவிக்கிறவனுக்கு ஜோ என்கிற பெண் பாடம் சொல்லித் தருகிறாள். அவள் கூப்பிட்டாளே என்று கல்யாணத்துக்குப் போனவனை அவள் சொந்தக்காரர்கள் அறையில் அடைத்து அடித்து, வாயால் சொல்லக்கூடாத அவமானத்தைச் செய்கிறார்கள். தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டி ஆடுகிற அவன் அப்பாவையும் நடுரோட்டில் துணியை உருவி ஓட விடுகிறார்கள். கடைசியில் அவன் உயிருக்கே குறி வைக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பரியன் கத்தி எடுக்கவில்லை. அது நிஜம். ஆனால் "போனது போகட்டும்" என்றும் அவன் சொல்லவில்லையே! முடிவில் ஜோவின் அப்பா, நாளைக்கு என்ன மாறுமோ, பார்க்கலாம் என்கிற மாதிரி பேசுகிறார். உங்கள் பார்வை மாறாதவரை இங்கே எதுவும் மாறாது என்கிற அர்த்தத்தில் பரியன் பதில் சொல்கிறான். மேஜையில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப் பூ. படம் அதோடு முடிகிறது. அவன் மன்னித்தான் என்று படம் சொல்லவே இல்லை. செய்தவர்கள் மாறட்டும், பிறகு பேசலாம் என்று பந்தை அவர்கள் பக்கம் தள்ளிவிடுகிறான்.

இதைப் பெண்களாகிய நாம்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். குடித்துவிட்டு வந்து புருஷன் அடித்தால் நம் சொந்தபந்தங்கள் யாரிடம் வருகிறார்கள்? அடித்தவனிடமா? இல்லை. "நீதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்மா" என்று அடி வாங்கியவளிடம்தான் வருகிறார்கள். கன்னத்தில் வீக்கம் வடிவதற்குள் மன்னித்துவிட வேண்டும். இல்லையென்றால் அவள் பிடிவாதக்காரி. இந்த நியாயம் நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அதே நியாயத்தை இன்னொருவரிடம் போய் நாமே பேசலாமா?

எங்கள் மாவட்டத்திலேயே ஒன்றைச் சொல்கிறேன். தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் உள்ள முத்துமாரியம்மன் கோவிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் சுமார் 80 வருடமாகப் போக முடியாமல் இருந்தது. 2023-ம் வருடம் ஜனவரி 30-ந் தேதி கலெக்டர் முன்னிலையில், போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டார்கள். எல்லோரும் கோவிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்தது 1947-ல். சட்டம் வந்த பிறகும் நம் அம்மா, பாட்டி வயதுப் பெண்கள் எத்தனை பேர் வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுக் கண்ணை மூடியிருப்பார்கள்! அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் போய், "அதான் உள்ளே விட்டாச்சே, பழசை மறந்துடுங்க" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எங்கள் வேங்கிக்காலில்தான் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. திங்கட்கிழமையானால் கையில் மனுவோடு எத்தனையோ கிராமத்துப் பெண்கள் வந்து காத்திருப்பதைப் பார்க்கிறோம். கலெக்டர் உத்தரவு போடலாம், போலீஸ் கதவைத் திறந்து விடலாம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து, "வாங்கக்கா, இப்படி முன்னாடி வந்து நில்லுங்க" என்று கூப்பிட எந்த ஜி.ஓ.வும் போட முடியாது. அது நாம் செய்ய வேண்டிய வேலை.

அப்படியானால் மன்னிப்பே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. ஒரிசாவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்த ஆஸ்திரேலியக்காரர் கிரஹாம் ஸ்டெயின்ஸை, சின்னஞ்சிறு மகன்கள் இரண்டு பேரோடு, 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வண்டிக்குள் வைத்துக் கொளுத்திய கொடுமை ஞாபகமிருக்கும். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். தொடர்ந்து சில வருடம் இங்கேயே தங்கி அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். நினைத்தாலே மெய் சிலிர்க்கிறது. ஆனால் அந்த மன்னிப்பு அவராகக் கொடுத்தது, யாரும் கேட்டு வாங்கியதல்ல. அவர் மன்னித்தார் என்பதற்காகக் கோர்ட்டும் கேஸை மூடிவிடவில்லை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. மன்னிப்பு வேறு, நியாயம் வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கக் கூடாது.

இன்னொரு விஷயமும் மனதை அறுக்கிறது. தனக்கு நடந்ததைப் பரியன் ஜோவிடம் கடைசிவரை சொல்வதில்லை. அவள் மனசு உடைந்துவிடுமே என்று அத்தனையையும் விழுங்குகிறான். காயம் பட்டவனேதான் எதிர்வீட்டுப் பெண்ணின் நிம்மதியையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது!

இதை நேரிலேயே பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வாசல் கூட்டித் துணி துவைக்க வரும் அம்மாவுக்கென்று கொல்லைப்புறத் திண்டில் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். புதிதாக வந்த மருமகள், வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளரிலேயே அவருக்கும் காபி கொண்டுவந்து நீட்டினாள். அந்த அம்மா கை நீட்டவில்லை. "வேணாம் கண்ணு, எனக்கு அதுவே போதும். உங்க மாமியார் பார்த்தா உனக்குத்தான் திட்டு விழும்" என்றார். அந்த மருமகளும் விடவில்லை. "திட்டினா நான் வாங்கிக்கிறேன், நீங்க குடிங்கம்மா" என்று கையில் கொடுத்துவிட்டாள். திட்டும் விழத்தான் செய்தது. ஆனால் அன்றோடு கொல்லைப்புற டம்ளர் காணாமல் போய்விட்டது.

சமாதானம் என்பது இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். தனி டம்ளர், தனித் தட்டு, "இங்கேயே நில்லு" என்று காட்டுகிற இடம், இதெல்லாம் நம் சமையல்கட்டுச் சமாசாரம். இதை எடுக்க ஆம்பிளைகளின் அனுமதிகூடத் தேவையில்லை. பௌர்ணமிக்கு கிரிவலம் போகும்போது பக்கத்தில் நடப்பவர் என்ன சாதி என்று கேட்டுக்கொண்டா பதினாலு கிலோமீட்டர் நடக்கிறோம்? அந்த நினைப்பு வீட்டு வாசல்படி ஏறியதும் ஏன் மாறிவிடுகிறது?

பிள்ளைகளிடமும் மூடி மறைக்க வேண்டாம். "அம்மா, அந்த நாயை ஏன் கட்டி வச்சாங்க?" என்று என் மகள் கேட்டபோது, "அது சினிமாடி" என்று தள்ளிவிடாமல், சாதி என்றால் என்ன, அதனால் யாருக்கு என்ன வலி என்று அவள் வயதுக்குத் தகுந்தபடி சொன்னேன். ஜோவைப் போல ஒன்றும் தெரியாத நல்ல பெண்ணாக மட்டும் அவள் வளர்ந்தால் போதாது. தெரிந்துகொண்டு, தப்பைத் தப்பு என்று கேட்கிற பெண்ணாகவும் வளர வேண்டும்.

படம் பார்த்து அழுவது நல்லதுதான், மனசு ஈரமாக இருப்பதற்கு அது அடையாளம். ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு, அடிபட்டவர்களைப் பார்த்து "மன்னிச்சுடுங்க, மறந்துடுங்க" என்று புத்தி சொல்லாதீர்கள். மன்னிப்பு கேட்க வேண்டிய பக்கம் முதலில் வாய் திறக்கட்டும், நடத்தையில் காட்டட்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம்.

மாற்றுக் கருத்து உள்ள சகோதரிகள் தாராளமாக எழுதலாம். படிக்கக் காத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, வேங்கிக்கால், திருவண்ணாமலை.