'மே'யும் 'ஷல்'லும்

தோழா!

ஆலையிலே பாடுபடும் எனக்கு ஆங்கில இலக்கணம் எதற்கு என்கிறாய். ஒரே ஒரு வினைச்சொல் நாட்டை உலுக்கிய கதை சொல்கிறேன், கேள்.

1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1965 சனவரி 26க்குப் பிறகும் இந்தியோடு ஆங்கிலம் நீடிக்க அது வழி செய்தது. எந்தச் சொல்லால்? 'மே' என்ற சொல்லால்! 'நீடிக்கலாம்' என்பது அதன் பொருள். நீடிக்கலாம் என்றால், நீடிக்காமலும் போகலாமன்றோ? 'ஷல்' என்று எழுதுங்கள், 'நீடித்தே தீர வேண்டும்' என்றாக்குங்கள் என்றார் அண்ணா. இரண்டும் ஒன்றுதான் என்று அமைதி கூறினார் பண்டித நேரு. ஒன்றேயானால், மாற்றி எழுத ஏன் மனம் வரவில்லை?

1965இல் தமிழகம் கொதித்தெழுந்தது. மாணவர் வீதிக்கு வந்தனர். உயிர்கள் பல மாய்ந்தன. அதன் பிறகே 1967இல் திருத்தச் சட்டம் வந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு நடுவணரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே என்ற விதியில் 'ஷல்' ஏறியது! அந்த மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் நிறைவேற்றாமல் ஆங்கிலத்தை அகற்ற முடியாது என்ற காப்பும் சேர்ந்தது.

நாளை உன் சங்கத்தின் முன் ஓர் ஒப்பந்தம் வரும். கையெழுத்திடுமுன் வினைச்சொல்லைப் பார். 'போனஸ் தரலாம்' என்றிருக்கிறதா, 'தர வேண்டும்' என்றிருக்கிறதா? 'மே' என்பது முதலாளியின் விருப்பம். 'ஷல்' என்பது உன் உரிமை. படி, தோழா! சொல்லறிந்தவனை ஏய்ப்பது எளிதன்று!