இழப்புக் கணக்கு எழுதியவர் யார்?

வேல்சு நாட்டின் தென்பகுதியில், கேர்ப்பில்லி நகருக்கு வடமேற்கே, பள்ளத்தாக்கின் தலைமாட்டில் செங்கென்னித் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1894-இல் ஒரு புகைவண்டி நிலையம் திறக்கப்பெற்றது, 1964-இல் மூடப்பெற்றது. எழுபதாண்டு வாழ்ந்த அந்நிலையம் வருவாயின்றி மடிந்ததாகக் கணக்கர் கூறுவர். இதனினும் பெரிய பொய்க்கணக்கு உண்டோ?

அப்பாதை எவர்க்காக இடப்பட்டது? ஊர்மக்கள் சந்தைக்குச் சென்று மீள்வதற்காகவா? அந்நாளில் அங்கு ஊர் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. சிதறிக் கிடந்த பண்ணைகளே இருந்தன. 1890-களின் தொடக்கத்தில் யூனிவர்சல் சுரங்கத்திற்குக் குழி தோண்டினர். உடனே இரம்னி இருப்புப்பாதைக் குழுமம் கிளைப்பாதையை நீட்டிற்று. கப்பற் கொதிகலன்களுக்கு ஏற்ற உயர்ந்த நிலக்கரி அம்மலையடியில் இருந்தது. அதனைக் கார்டிப்புத் துறைமுகத்திற்கு இழுத்துச் செல்லவே தண்டவாளம். மாந்தர் ஏறும் பெட்டி அதற்கு ஒரு பின்னொட்டு!

பெயரையேனும் ஒழுங்காக விட்டனரா? செங்கென்னித் என்பது பழைய வேல்சு நாட்டுப் பிரிவொன்றின் பெயர். அதன் தலைவன் ஈவோர் பாக்கு, 1158-இல் கார்டிப்புக் கோட்டை மதிலேறி, நார்மன் கோமகனைச் சிறைகொண்டு போனவன். அப்பெயரின் இரட்டை னகரத்தில் ஒன்றை ஆங்கில எழுத்துமுறை விழுங்கிவிட்டது. ஓரெழுத்துத்தானே என்பார் இருக்கலாம். தம் பெயரில் ஓரெழுத்துக் குறைத்து அவர்களை அழைத்துப் பார்க்கட்டும்!

எழுத்துப் போனது சிறிது. உயிர் போனது பெரிது. 1901-இல் அச்சுரங்கம் வெடித்து 81 பேர் மாண்டனர். அதன் பின்னராவது முதலாளிமார் விழித்தனரா? காற்றுப்பொறியின் ஓட்டத்தை வேண்டுங்கால் திருப்பிவிடும் அமைப்பு ஒவ்வொரு சுரங்கத்திலும் இருத்தல் வேண்டுமென 1911-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. உள்ளே தீப்பற்றினால், உட்செல்லும் காற்று புகையையும் நச்சுவளியையும் உழைப்பாளர்மீதே கொண்டு சேர்க்கும்; திருப்பிவிட்டால் அது வெளியேறும். இஃது எளிய அறிவு. காலக்கெடுவும் நீட்டித்துக் கொடுக்கப்பட்டது. கெடு முடிந்தும் அங்கு அவ்வமைப்பு இல்லை.

1913 அத்தோபர் 14, காலை எட்டு மணியளவில் மீண்டும் வெடித்தது. ஏறத்தாழ 950 பேர் நிலத்தடியில் இருந்தனர். கீழைப்பகுதியினர் தப்பினர், மேலைப்பகுதியில் தீ மூண்டது. 439 உழைப்பாளரும், மீட்கச் சென்ற ஒருவரும் மாண்டனர். பிரித்தானியச் சுரங்க வரலாற்றில் இதனினும் கொடியது இன்றளவும் இல்லை. தந்தையும் மக்களும் ஒருங்கே போன வீடுகள் உண்டு.

முறைமன்றம் என் செய்தது? மேலாளர்க்கு 24 பவுண்டு தண்டம்! முதலில் விடுவிக்கப்பட்ட குழுமத்திற்கு மேல்முறையீட்டின் பின் 10 பவுண்டு! மேலாளர் கட்டியதை மாண்டோர் தொகையால் வகுத்தால், ஓருயிர்க்கு ஒரு சில்லிங்குக்குச் சற்று மேல். ஊர்க்கணக்கில் இழப்பு என்று எழுதவேண்டிய இடம் இதுவன்றோ? அங்கு எவரும் அச்சொல்லை எழுதவில்லை.

1928-இல் யூனிவர்சல் சுரங்கம் மூடப்பெற்றது. அதன் பின்னரே அப்பாதை மக்கட்பாதை ஆயிற்று எனலாம். பின்பு பேருந்து வந்தது, பயணியர் குறைந்தனர், மறுப்பதற்கில்லை. ஆயினும் 1963-இல் பீச்சிங்கு அறிக்கை 2,300-க்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னபோது எதனை எண்ணியது? விற்ற சீட்டை எண்ணியது. முப்பதாண்டிற்கும் மேலாக இழுத்துச்சென்ற கரியின் வருவாயை அவ்வூரின் பெயரில் எவரேனும் வரவு வைத்தனரா? தோண்டும்வரை நிலம் வேண்டும், தோண்டியபின் ஊர் சுமை! 1964-இல் பயணியர் வண்டி நின்றது. பள்ளத்தாக்கின் கீழே வின்சர் சுரங்கம் நடந்ததால், அதுவரையிலான துண்டில் கரிவண்டிகள் மட்டும் பின்னும் ஓடின. மாந்தர்க்குக் கட்டுப்படியாகாத தண்டவாளம் கரிக்குக் கட்டுப்படியாயிற்று!

வெடிப்பின் நூற்றாண்டு நாளான 2013 அத்தோபர் 14 அன்று, வேல்சு நாட்டுச் சுரங்க உழைப்பாளர் அனைவர்க்குமான நினைவிடம் அவ்வூரிலேயே திறக்கப்பெற்றது. அங்குச் செல்வோர் சாலைவழியே செல்கின்றனர். இன்று வேல்சு நாட்டுப் புகைவண்டி நிலையங்களில் வேல்சு மொழியிலும் பெயர் எழுதியிருக்கிறது. கேர்ப்பில்லியில் அதனைக் காணலாம். செங்கென்னித்தின் இரண்டாம் னகரத்தை எழுத, அங்கு நிலையமே இல்லை.